தட்டு மாற்றும் முன்பு: திருமண ஏற்பாட்டின் முதல் படிகள்



கல்யாணம் ஆயிரம் காலத்துப் பயிர் என்பார்கள். பயிர் என்றால் விதைக்கும் முன்பே நிலத்தையும் நீரையும் பார்ப்போம் அல்லவா? ஆனால் வரன் அமைந்ததும் நம்மில் பலர் சத்திரம், சமையல், முகூர்த்தப் பட்டு என்றுதான் ஓடுகிறோம். முசரவாக்கம் போன்ற காஞ்சிபுரம் வட்டார ஊர்களில் பட்டுக்கு அலைய வேண்டியதில்லை. அது பக்கத்திலேயே கிடைக்கும். வயது, உடல்நலம், செலவு ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தட்டு மாற்றி, பத்திரிகையும் அடித்த பிறகு ஒரு குறை தெரிந்தால், "ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு, இனிமே என்ன செய்யறது?" என்று மூடி மறைத்துவிடுவோம். அதன் பலனைப் பெண்தான் அனுபவிக்கிறாள். ஆகவே கீழ்க்கண்டவற்றை வாக்குக் கொடுக்கும் முன்பே கவனியுங்கள்.

1. வயது

1929-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெண்ணின் திருமண வயது 14 என்றிருந்தது. 1978-இல் அது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என உயர்த்தப்பட்டது. 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, இந்த வயதுக்கு முன் திருமணம் நடத்தி வைப்பவருக்கும் அதற்குத் துணை போகிறவருக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவலும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஜாதகத்தை மட்டும் நம்பாமல் பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ வாங்கிப் பாருங்கள்.

"நல்ல இடம், விட்டா போயிடும். இன்னும் எட்டு மாசந்தானே குறையுது?" என்பார்கள். எட்டு மாதம் பொறுக்காத இடம் நல்ல இடந்தானா என்று நீங்கள் கேளுங்கள். வளர்ந்து முடியாத உடம்பில் கரு தங்கினால் இரத்தக் கொதிப்பு, வலிப்பு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகிய ஆபத்துகள் அதிகம். இத்தகைய திருமணம் நடக்கப் போவது தெரிந்தால் 1098 எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

2. சம்மதம்

"அவளுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லாதீர்கள். பெண்ணையும் பிள்ளையையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேளுங்கள். படிக்க ஆசை என்றால் படிக்க விடுங்கள். 1989-இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் தொடங்கிய திருமண உதவித் திட்டமே, 2022-இல் பெண்களின் உயர்கல்விக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டமாக மாற்றப்பட்டது. பெண்ணின் படிப்பும் ஒரு சீர்தான்.

3. உறவு முறை

"சொத்து வெளியே போகாது, பெண்ணும் கண்ணெதிரே இருப்பாள்" என்று தாய்மாமனுக்கோ அத்தை மகனுக்கோ கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் பாரம்பரியக் கூறுகளில் நான்கில் ஒரு பங்கு பொதுவானது. அத்தை, மாமன் மக்களுக்கு எட்டில் ஒரு பங்கு பொதுவானது. வெளியே தெரியாத ஒரே குறை இருவரிடமும் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. காது கேளாமை, தலசீமியா போன்றவை இவ்வழியில் வரலாம். உறவில் செய்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆனால் வெளியில் செய்வதைவிட ஆபத்து கூடுதல். குடும்பத்தில் அத்தகைய குழந்தை ஏற்கெனவே இருந்தால், முடிவெடுக்கும் முன் மருத்துவரைக் கட்டாயம் கேளுங்கள்.

4. இரத்தப் பரிசோதனை

பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள் பதினோராவதாக இதையும் பார்க்கலாமே! இருவருக்கும் இரத்த வகை, சர்க்கரை, பால்வினை நோய், எச்.ஐ.வி. பரிசோதனை தேவை. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். முடிவு இரகசியமாக வைக்கப்படும்.

பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. கல்யாணத்துக்குச் சில மாதம் முன்பே கண்டுபிடித்தால் இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, கேழ்வரகு ஆகியவற்றால் பெரும்பாலும் சரி செய்துவிடலாம். சாப்பிட்டவுடன் காபி, டீ குடிப்பது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

பெண்ணுக்கு ஆர்.எச். நெகடிவ் என்று தெரிந்தால் வரனைத் தட்டிவிட வேண்டாம். கணவர் பாசிடிவ் ஆனால், கர்ப்பத்தின்போதும் பிரசவமான 72 மணி நேரத்துக்குள்ளும் போட வேண்டிய ஊசி இருக்கிறது. முன்கூட்டியே தெரிந்திருப்பதுதான் முக்கியம்.

5. செலவு

முதலில் கையிருப்பை எழுதுங்கள், பிறகு செலவை எழுதுங்கள். நெசவாளர் வீட்டில் முன்பணம் வாங்கிக் கல்யாணம் செய்தால், சேலைக்குச் சேலை கூலியில் பிடித்தம் போகும். புதுப்பெண்ணின் பாலும் முட்டையும்தான் முதலில் குறையும். "ஊர் மெச்சணும்" என்று வாங்கும் கடனை ஊர் வந்து அடைக்காது. வரதட்சணை வாங்குவது, கொடுப்பது இரண்டுமே 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

6. பதிவும் முதல் குழந்தையும்

2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டப்படி எந்த மதத்தினரானாலும் 90 நாட்களுக்குள் சார்பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். வேண்டிய சான்றுகளை முன்பே எடுத்து வையுங்கள்.

முதல் குழந்தை எப்போது என்று மணமக்களே பேசி முடிவு செய்யட்டும். "ஏதாவது விசேஷமா?" என்று மாதாமாதம் கேட்டு அவர்களை நெருக்காதீர்கள். பெண்ணுக்கு 20 வயது ஆகும்வரை தள்ளிப்போடுவது நல்லது. நிரோத், மாலா-என், சாயா மாத்திரை, அந்தரா ஊசி, காப்பர்-டி ஆகியவற்றில் எது யாருக்கு ஏற்றது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். குழந்தை வேண்டும் என்று முடிவு செய்தால், கரு தங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை சாப்பிட வேண்டும். குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான குழாய் முதல் 28 நாட்களிலேயே மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போது தான் கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது.

பாவு இல்லாமல் ஊடை ஓடாது. இந்த ஆறும் கல்யாணத்துக்குப் பாவு. இவற்றை முடித்துக்கொண்டு பிறகு நாள் பாருங்கள், சேலைக்குச் சொல்லுங்கள், தட்டு மாற்றுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரை அணுகுங்கள். படித்த பின் இந்தப் பிரசுரத்தைக் கல்யாண வயதில் பிள்ளைகள் உள்ள அடுத்த வீட்டாருக்கும் கொடுங்கள்.