உதடு விறைத்தால் அசட்டை வேண்டாம்

முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் வேலை செய்யும் கிராமம் ஒன்றில் இருக்கிறார் அந்த அக்கா. 2009இல் கணவரைத் தொலைத்தவர். அதே வருடம் ஷெல் துண்டு கீறிய தழும்பு அவரது வலது கன்னத்தில் இருக்கிறது. கச்சான் செய்தும் தையல் தைத்தும் இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறார்.

வாழ்வாதாரப் படிவம் நிரப்ப மூன்று தடவை அவர் வீட்டுத் திண்ணையில் இருந்திருக்கிறேன். மூன்று தடவையும் அவர் சேலைத் தலைப்பால் தாடையை மூடியபடிதான் கதைத்தார். நான் கேட்கவில்லை. நாலாம் முறைதான் கேட்டேன்.

"ஒண்டுமில்லைத் தங்கச்சி, பழைய காயம்தான் நோகுது. இப்ப கீழ்ச்சொண்டும் விறைச்சுப் போச்சு."

தலைப்பை எடுத்தார். தாடைக்குக் கீழே சிறு துவாரம். அதிலிருந்து சீழ் கசிந்தது. மஞ்சள் பூசியிருந்தார். நோவுக்குக் காரணம் பழைய காயமல்ல, சூத்தை விழுந்த கடைவாய்ப் பல். ஆறு மாதமாகப் பனடோல் போட்டிருக்கிறார். இடையில் பார்மசியில் வாங்கிய அன்டிபயோட்டிக் குளிசையை வீக்கம் வற்றியதும் நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகாததற்கு அவர் சொன்ன காரணம் ஒன்றுதான்: "குமர்ப்பிள்ளையைத் தனிய விட்டிட்டு வாட்டில கிடக்கேலுமோ?" இதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. பிறகு அவரது பெரியம்மாவின் மகள் வந்து நிற்பதாக ஒழுங்கு செய்தோம்.

பல்லின் வேரிலுள்ள கிருமி தாடை என்புக்குள் இறங்குவதால்தான் பெரும்பாலும் இந்நோய் வருகிறது. தாடை உடைந்த காயத்தாலும் வரலாம். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை என்பு இறுக்கமானது, இரத்தோட்டமும் குறைவு. அதனால் சீழ் உள்ளே அடைபட்டு, என்பின் ஒரு பகுதி செத்துவிடுகிறது. மருந்து இரத்தத்தோடுதான் போகும். செத்த என்புக்கு இரத்தம் போகாது. குளிசை போடும்போது சுகமாகி, விட்டதும் திரும்பி வருவதன் காரணம் இதுதான். கீழ்ச்சொண்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி தரும் நரம்பு இந்த என்புக்குள்ளால்தான் ஓடுகிறது. ஆகவே விறைப்பு வந்தால் அது சாதாரண பல்வலி அல்ல.

பல் வைத்தியர் முழுத் தாடையையும் காட்டும் எக்ஸ்ரே எடுத்தார். நோய் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு கிழமையில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலிருக்கலாம். அதை நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது. அக்காவின் படத்தில் செத்த என்புத் துண்டு தெளிவாகத் தெரிந்தது. பிறகு சி.ரி. ஸ்கானும் எடுத்தார்கள். என்ன கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று அறியச் சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோயும் இப்படித் தோன்றலாம் என்பதால் சிறு துண்டு தசையும் எடுத்துப் பார்த்தார்கள். அது இல்லை என்று அறிக்கை வரும்வரை அக்கா ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

இங்கே எங்கள் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உடம்பில் ஷெல் துண்டு இருந்தால், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லும்போது கட்டாயம் முன்கூட்டியே தெரிவியுங்கள். அதிலுள்ள காந்தம் இரும்புத் துண்டை அசைத்துவிடக்கூடும். தாடைக்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களும், என்பு தேய்வுக்கு மருந்து எடுப்பவர்களும் பல் பிடுங்க முன்னர் அதைச் சொல்ல வேண்டும்.

இரத்தம் சோதித்தபோது சீனி வருத்தமும் வெளிப்பட்டது. அதுவரை அவருக்கே தெரியாது. சீனி கட்டுப்படாமல் இந்தப் புண் இலேசில் ஆறாது.

வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சை நிபுணர் அந்தப் பல்லையும் செத்த என்பையும் அகற்றினார். முதலில் ஊசி மூலமும் பிறகு குளிசையாகவும் ஆறு கிழமை மருந்து. அரச வைத்தியசாலை என்பதால் சிகிச்சைக்குக் காசில்லை. பஸ் செலவும் தைக்காமல் போன நாட்களின் கூலியும்தான் அவருக்குப் பாரம். பலமிழந்த தாடை முறியாமலிருக்கப் பல நாள் கஞ்சியும் குழைத்த சோறும்தான் சாப்பாடு. வெற்றிலையையும் விடச் சொன்னார்கள். அதுதான் பெரிய கஷ்டம் என்று சிரித்தார்.

வாயடி வீங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டப்பட்டால் விடியும்வரை காத்திருக்காமல் இரவோடிரவாக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போனேன். துவாரம் மூடியிருந்தது. சொண்டில் பாதி உணர்ச்சி வந்திருக்கிறது. மிச்சம் வருமோ என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம். தேத்தண்ணி தந்தார். தன் கோப்பையைப் புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார்.