அச்சம் வியாதியாகும்போது

2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து, வேலை செய்தோரும் உதவிக்கு ஓடிய அக்கம்பக்கத்தாருமாக ஏறத்தாழ 40 பேர் மாண்ட சம்பவத்திலும், 2021 பிப்ரவரியில் சாத்தூர் வட்டாரத்து அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் பலியான விபத்திலும், மாண்டோரையும் தீப்புண்பட்டோரையும் எண்ணி நிவாரணம் அறிவித்தார்கள். சரீரத்தில் ஒரு கீறலுமின்றித் தப்பி, அடுப்பில் கடுகு வெடித்தாலும் நடுநடுங்குகிறவர்கள் இத்தகைய கணக்குகளில் எளிதில் ஏறுவதில்லை.

பட்டாசுக்கு வெடிமருந்து செலுத்தும் அறையில் அமர்ந்திருப்பவருக்கு அச்சம் இருப்பது வியாதியன்று. அது இல்லாதவரே பக்கத்திலிருப்பவருக்கு ஆபத்தானவர். விபத்தை அடுத்த சில வாரங்கள் உறக்கம் கெடுவதும் இயல்பே. ஒரு மாதம் கடந்தும் அதே காட்சி கனவிலும் நனவிலும் துரத்தி, வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறவே கால் வராமல் போனாலும், காரணமின்றித் திடீரென நெஞ்சு படபடத்து, மூச்சுமுட்டி, உயிரே போய்விடும் என்ற பீதி அடிக்கடி எழுந்தாலும், அது சிகிச்சைக்குரிய கோளாறு. முதல் முறை நெஞ்சுவலி வந்தால் இருதயப் பரிசோதனை அவசியம். குற்றமில்லை என்று தெரிந்தபின் கடன் வாங்கி ஸ்கேன்மேல் ஸ்கேன் எடுப்பது வீண்.

பயந்த கோளாறென்று விபூதி மந்திரித்துக் கயிறு கட்டுவதை நான் பரிகசிக்கவில்லை; அதோடு நின்றுவிடுவதே தவறு. அஞ்சி ஒதுக்கியவற்றைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்கும் உளவியல் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. செர்ட்ராலின், எஸிட்டலோபிராம் போன்ற மாத்திரைகள் குணம் காட்டச் சில வாரங்கள் ஆகும். நாலாம் நாளே பயனில்லையென்று நிறுத்திவிடலாகாது. உடனே சாந்தப்படுத்தும் அல்பிரசோலமோ விரைவில் அடிமைப்படுத்துவது. அதை மெடிக்கலில் தாமாகவே கேட்டு வாங்கி விழுங்குவது ஒரு விபத்திலிருந்து மற்றொன்றில் விழுவதாகும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது அரசின் நிதியுதவி பெறும் மனநலச் சேவைகளில் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கி, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அதனை இலவசமாக்கியிருக்கிறது. வெளியே போகத் தயங்குவோர் 14416 என்ற கட்டணமற்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். விஷயம் வெளிப்பட்டால் பெண்ணின் கல்யாணம் தடைப்படும், மேஸ்திரி வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்று அஞ்சியே பலர் வாய் திறப்பதில்லை. நோயாளியின் சம்மதமின்றி அவருடைய நோய் விவரத்தை மேஸ்திரிக்கோ சம்பந்தி வீட்டாருக்கோ வெளியிட மருத்துவருக்கு அச்சட்டம் அதிகாரம் அளிக்கவில்லை.