பழங்கத்தியும் உறையும்: பொருந்தா இணைகளை இனங்காணும் நெறிகள்

ஆய்வுச் சுருக்கம்

பழங்கத்திகளைத் திரட்டுவோர் கத்தியையும் உறையையும் ஒரே பொருளாகப் பதிவுசெய்வது வழக்கம். ஆயின் இவ்விரண்டும் வெவ்வேறு தொழிலாளர் கைகளில் உருவாகி, வெவ்வேறு வேகத்தில் தேய்ந்து, பலமுறை பிரிந்து சேர்பவை. ஆகவே ‘இணை’ என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டிய கருதுகோளே என்பதை நிறுவி, அதனைச் சோதிக்கும் நெறிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அலகு, உறைவாய், பூண், குக்ரி, பயனெட், பழைய இரும்பு வணிகம்.

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பகுதியில், பழைய இரும்பை உருக்கிக் கம்பி முதலியன செய்யும் ஆலைகள் இயங்குகின்றன. உலைக்கு வேண்டுவது இரும்பு மட்டுமே. மரமும் தோலும் கழிவு. எனவே காயலான் கடைக்கு வரும் பழங்கத்தி ஒன்று முதலில் இழப்பது தன் உறையையே. உறையுடன் கூடிய கத்திக்கு விலை மிகுதி. இதனால், தனித்து நிற்கும் கத்திக்கு வேறோர் உறையைச் சேர்த்து விற்கும் நாட்டம் வணிகத்தில் எழுகிறது. அவ்விணையை ஆராயாது ஏற்பவர் பணத்தை மட்டும் இழப்பதில்லை. பிழையான வரலாறு ஒன்றையும் பதிவேற்றிவிடுகிறார்.

இணையின் மூவகை

கத்தியும் உறையும் சேர்ந்திருக்கும் நிலையை மூன்றாகப் பகுக்கலாம். ஒன்று, தொடக்கம் முதலே சேர்ந்திருக்கும் மூல இணை. இரண்டு, பயன்பாட்டுக் காலத்திலேயே உரிமையாளர் பழுதுற்ற உறையை மாற்றியதால் அமைந்த வாழ்வியல் இணை. மூன்று, விற்பனைக்காகப் பின்னாளில் சேர்க்கப்பட்ட வணிக இணை. முதல் இரண்டும் வரலாற்றுச் சான்றுகள், மூன்றாவது அவ்வாறன்று. ஆய்வாளரின் பணி, இரண்டாவதையும் மூன்றாவதையும் வேறுபடுத்துவதே ஆகும்.

அளவும் வடிவும்

உறையின் உள்ளாழத்தை மெல்லிய மூங்கில் குச்சியால் அளந்து, அலகின் நீளத்தோடு ஒப்பிடுதல் முதற்படி. நுனியில் சிறிது இடைவெளி இயல்பு. பெரிய இடைவெளி ஐயத்திற்குரியது. அடுத்து, அலகின் வளைவும் உறையின் வளைவும் ஒத்துச் செல்கின்றனவா எனக் காணவேண்டும். உறைவாய், அலகின் முதுகுத் தடிப்பிற்கும் அகலத்திற்கும் ஏற்ப அமைந்திருத்தல் வேண்டும். எனினும் மரம் ஈரப்பதத்திற்கேற்பச் சுருங்கி விரியும். தோல் உலர்ந்து இறுகும். ஆதலின் சிறிய இறுக்கத்தை மட்டும் கொண்டு இணையை மறுத்தல் கூடாது. கத்தியை வலிந்து செருகுதலும் கூடாது. பொருந்தாத அலகு உறையின் தையலைப் பிளந்து வெளிவரக்கூடும். எனவே உறையின் கூர்ப்பக்கத்தைக் கையால் பற்றாதிருத்தல் நலம்.

தேய்வும் துருவும்

அளவு பொருந்துவது தற்செயலாகவும் நிகழும். தேய்வு அவ்வாறு நிகழ்வது அரிது. பலகாலம் உருவிச் செருகப்பட்ட கத்தி, உறைவாயின் கூர்ப்பக்கத்தில் வெட்டுத் தடங்களை விட்டிருக்கும். அத்தடங்களின் இடமும் அலகின் இருப்பும் ஒத்துவருதல் வேண்டும். அலகில் ஓரிடத்தில் துருப்பட்டை இருப்பின், சிறுவிளக்கொளியில் உறையின் உட்புறத்தில் அதே இடத்தில் கறை உள்ளதா எனக் காணலாம். பதனிட்ட தோலோடு நெடுநாள் ஒட்டியிருந்த பித்தளையில் பச்சைக் களிம்பு படரும். புதிதாய்ச் சேர்த்த பூணில் அக்களிம்பு இல்லாதிருத்தலோ, தோலில் எதிர்க்கறை இல்லாதிருத்தலோ குறிப்பிடத்தக்கது. ஆகவே ஆய்வு முடியும் முன்னர்க் கத்தியைத் துலக்குதல் சான்றை அழிப்பதாகும்.

எடுத்துக்காட்டுகள்

குக்ரியின் உறை, அலகின் வளைவிற்கேற்பக் குடைந்த இரு மரத்துண்டுகளை இணைத்துத் தோல் போர்த்துச் செய்யப்படுவது. அதன் பின்புறப் பைகளில் கர்தா, சக்மக் என்னும் இரு சிறு கருவிகள் இருக்கும். பெருங்கத்தியின் பிடி கொம்பாகவும் சிறுகருவிகளின் பிடி மரமாகவும் இருப்பின், அத்தொகுதி பின்னர்ச் சேர்க்கப்பட்டதாகலாம்.

பயனெட் எனப்படும் துப்பாக்கிமுனைக் கத்தி மேலும் தெளிவான சான்று. லீ-என்பீல்டு துப்பாக்கிக்குரிய 1907ஆம் ஆண்டு வடிவத்தின் அலகு 17 அங்குலம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் இது 12 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. குறுகிய அலகு நீண்ட உறையில் இருப்பின், உறைவாயிலுள்ள வில்தகடுகள் அதனை இறுகப் பற்றிக்கொள்வதால் வெளித்தோற்றத்தில் குறை தெரியாது. ஆழத்தை அளந்தாலன்றி 5 அங்குல வேறுபாடு புலப்படாது. எனினும் கத்தியிலும் உறையிலும் படைப்பிரிவுக் குறிகள் வேறுபடுவது மட்டும் போலிமைக்குச் சான்றாகாது. படைக்கிடங்குகளில் உறைகள் மாற்றி வழங்கப்பட்டிருக்கலாம்.

கலப்பும் வரலாறே

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலுள்ள தஞ்சைப் படைக்கலங்கள் இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. தென்னிந்தியக் கட்டாரிகள் பலவற்றில் ஐரோப்பிய வாள்களின் அலகுகள் உள்ளூர்ப் பிடியில் பொருத்தப்பட்டுள்ளன. அலகும் பிடியும் வெவ்வேறு நாட்டின என்பதால் அவை போலியாகிவிடா. அக்கலப்பே அக்கால வணிகத்தின் சான்று. ஆணிகளும் பூண்களும் கத்தியோடு ஒத்த அளவில் முதிர்ந்துள்ளனவா என்பதே வினா.

பதிவும் சட்டமும்

கத்திக்கும் உறைக்கும் தனித்தனி எண் அளித்து, தனித்தனியே அளந்து, கிடைத்த நிலையையும் குறித்தல் வேண்டும். 1959ஆம் ஆண்டு படைக்கலச் சட்டத்தின் கீழமைந்த விதிகள், வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகிய பயன்பாடுகளுக்கென அமையாத கத்திகளில், அலகு 9 அங்குலத்திற்கு மேல் நீளமோ 2 அங்குலத்திற்கு மேல் அகலமோ கொண்டவற்றைப் படைக்கலமாக வகைப்படுத்துகின்றன. உறையின் நீளத்தைக் கத்தியின் நீளமாகப் பதிவோர் இங்கும் பிழைபடுவர். 100 ஆண்டு கடந்தவை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரம்பிற்குள் வரலாம். அத்தகையவற்றைத் தனியார் நாட்டிற்கு வெளியே அனுப்புதல் இயலாது.

முடிவுரை

அளவு, வடிவு, தேய்வு, துரு ஆகிய நான்கும் ஒருமுகமாகச் சுட்டும்போதே மூல இணை எனத் துணியலாம். அவை முரணும்போது ‘இணை ஐயத்திற்குரியது’ எனப் பதிதலே நேர்மை. பொருந்தா உறையையும் வீசிவிடலாகாது. உலைக்குச் சென்றுவிட்ட ஏதோ ஒரு கத்தியின் அளவையும் வளைவையும் கூறும் எஞ்சிய சான்று அதுவாகவே இருக்கக்கூடும்.