மீன்தொட்டிச் செடிக்கு எவ்வளவு வெளிச்சம் வேணும்?

"வெளிச்சம் கூடக் கூட ஒளிச்சேர்க்கையும் கூடிக்கொண்டே போகும்" என்று தேர்வில் எழுதினால் விடை பாதிதான் சரி. மீதிப் பாதியை வீட்டு மீன்தொட்டியில் பார்க்கலாம்.

பொங்கோலில் ஒரு வீவக வீடு, அதில் 45 × 30 × 30 செ.மீ. அளவுள்ள தொட்டி என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 40,500 கன செ.மீ., அதாவது சுமார் 40 லிட்டர். உள்ளே ஜாவா பெரணி, அனுபியாஸ், கிரிப்டோகோரைன். மூன்றும் நிழலிலேயே வளரும் செடிகள்.

எந்த விளக்கை வாங்குவது?
வாட் என்பது விளக்கு எடுக்கும் மின்சாரம். வெளிச்சத்தின் அளவு லூமன்; பெட்டியில் அதைப் பாருங்க. நிழல்செடிகளுக்கு லிட்டருக்கு 10 முதல் 20 லூமன் என்பது மீன் வளர்ப்போரின் தோராயக் கணக்கு. 40 லிட்டருக்கு அதிகபட்சம் 800 லூமன். வாட்டுக்கு 100 லூமன் தரும் எல்இடி என்றால் 8 வாட் போதும். நிறம் 6500 கெல்வின் அளவில், பகல் வெளிச்சம் போல இருக்கட்டும். பச்சையம் அதிகம் உறிஞ்சும் சிவப்பும் நீலமும் அதில் உண்டு.

ஜன்னலோரம் வைத்தால் என்ன?
இங்கே ஆண்டு முழுதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். நேர் வெயில் பட்டால் தண்ணீர் சூடாகும், பாசி படரும். தொட்டியை உள்ளே தள்ளி வைத்து, டைமர் மூலம் தினம் 8 மணி நேரம் விளக்கு எரிந்தால் போதும். மின்செலவு 8 × 8 = 64 வாட்-மணி; 30 நாளுக்கு 2 யூனிட்கூட ஆகாது.

வெளிச்சத்தைக் கூட்டினால்?
ஓர் அளவுக்குமேல் நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடு போதாது. அதுவே அப்போது கட்டுப்படுத்தும் காரணி. செடி பயன்படுத்தாத வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்ளும்.

ஆசிரியர்களுக்கு
ஹைட்ரில்லா தண்டிலிருந்து எல்இடி விளக்கை 40, 30, 20, 10 செ.மீ. தூரத்தில் வைத்து, நிமிடத்துக்கு எத்தனை குமிழி வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை கூடாமல் நின்றுவிட்டால், நீரில் சிறிது சோடியம் ஹைட்ரஜன் கார்பனேட் சேர்த்து மறுபடி எண்ணட்டும்.

பயிற்சி வினா: சேர்த்தபின் குமிழிகள் கூடினால், அதற்குமுன் கட்டுப்படுத்திய காரணி எது? காரணத்தோடு எழுதுக.