அக்கா இருக்கிறாள்!

திடீரென்று அப்பா போய்விட்டால் ஆபீஸில், ‘மனசைத் தேத்திக்கோப்பா’ என்று டீ வாங்கித் தருவார்கள். அப்புறம்?

காஞ்சிபுரம் பக்கத்து மாகறல், சம்பந்தர் பாடிய தலம். அங்கே போகிறவர்கள் சம்பந்தரின் சிநேகிதர் அப்பரையும் நினைக்கலாம்.

திருவாமூரில் தந்தை புகழனார் நோயில் போனார். தாய் மாதினியாரும் கூடவே. அக்கா திலகவதிக்கு நிச்சயித்த கலிப்பகையார் போரில் மாண்டார். உயிரை விடத் துணிந்த அக்காவின் காலில் விழுந்தார் தம்பி. அவருக்காகவே அக்கா இருந்தார்.

தம்பி தண்ணீர்ப் பந்தல் வைத்தார், குளம் வெட்டினார். மனசு ஆறவில்லையோ என்னவோ, சமணத்தில் சேர்ந்தார். (துக்கத்தில் எதையாவது பிடித்துக்கொள்ளத்தானே தோன்றும்!) சூலைநோயில் துடித்தபோது ஆளனுப்பியது அக்காவுக்குத்தான். ‘அங்கே வரமாட்டேன்’ என்று சொல்லிவிட்டார் அக்கா. ராத்திரியோடு ராத்திரியாகத் திருவதிகை வந்து விழுந்த தம்பிக்குத் திருநீறு கொடுத்து, விடிகிற நேரம் கோயிலுக்குக் கூட்டிப்போனார். கையில், தினமும் எடுத்துப் போகிற அதே துடைப்பமும் சாணமும் குடமும்.