ஹன்னாவின் கையில் இருந்த காலுறை

வரிப்பின்னல் காலுறை பற்றி நான் வானொலியில் பேசியபோது அளவுகளைக் குறித்துக்கொள்ள நேரம் போதவில்லை என்று பலர் சொன்னார்கள். அதனால் இங்கே எழுத்தில் தருகிறேன்.

இதைப் பின்னும் எண்ணம் எனக்கு ஒரு காதல் நாவலில் இருந்து வந்தது. சார்லட் புரொண்டி எழுதி 1847 இல் வெளிவந்த ‘ஜேன் அயர்’ அது. ஜேன், ரொச்செஸ்டர் காதலுக்காகவே பலரும் அதை வாசிப்பார்கள். என் மனதில் நிற்பது வேறோர் இடம். திருமணம் நின்றுபோனபின் ஜேன் ஒருவருக்கும் சொல்லாமல் வெளியேறுகிறாள். கையில் இருந்த காசு வண்டிக்கூலிக்கே போய்விடுகிறது. பொட்டலத்தையும் வண்டியில் விட்டுவிடுகிறாள். கைக்குட்டையைத் தந்து பாண் கேட்டும் கிடைக்கவில்லை. பன்றிக்குக் கொட்ட இருந்த கஞ்சியை வாங்கி உண்கிறாள். மழை இரவில் ஒரு வீட்டு யன்னலால் பார்க்கிறாள். உள்ளே அடுப்பு எரிகிறது. இரு இளம்பெண்கள் அகராதியுடன் ஜேர்மன் மொழி படிக்கிறார்கள். வயதான பணிப்பெண் ஹன்னா காலுறை பின்னுகிறாள். கதவைத் தட்டிய ஜேனுக்கு ஒரு பென்னியைக் கொடுத்துப் போகச் சொல்லிவிட்டு, ஹன்னா தாழ்ப்பாள் போடுகிறாள்.

அந்தக் காலுறையின் பின்னல் எது என்று நாவல் சொல்லவில்லை. நான் வரிப்பின்னலைத் தெரிந்தெடுத்தேன். நேர்க்கண்ணி முன்னே எழும்பி நிற்கும். மறுகண்ணி பின்னே பதுங்கும். இரண்டும் மாறிமாறி வரும்போது துணி தானாகச் சுருங்கி, இழுத்தால் விரியும். இறப்பர் நாடா இல்லாமலே காலைப் பிடித்து நிற்கும்.

தேவையானவை: 75 வீதம் கம்பளியும் 25 வீதம் நைலோனும் கலந்த காலுறை நூல் 100 கிராம், இருமுனையும் கூரான 2.5 மில்லிமீற்றர் ஊசிகள் 5. இந்த அளவு பெண்களின் நடுத்தரப் பாதத்துக்கானது.

1. கால்: 64 கண்ணிகள் ஏற்றி, ஊசிக்கு 16 ஆகப் பிரித்து வட்டமாக இணையுங்கள். 2 நேர், 2 மறு என்று 15 சென்ரிமீற்றர் பின்னுங்கள்.

2. குதி: 32 கண்ணிகளில் மட்டும், முன்பக்கம் நேராகவும் பின்பக்கம் மறுவாகவும் 32 வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் முதற் கண்ணியைப் பின்னாமல் எடுங்கள்.

3. குதி வளைவு: 18 நேர், இரண்டைச் சேர்த்து ஒன்று, இன்னும் ஒரு நேர், திரும்புங்கள். முதலாவதைப் பின்னாமல் எடுத்து, 5 மறு, இரண்டைச் சேர்த்து ஒன்று, இன்னும் ஒரு மறு; திரும்புங்கள். இனி ஒவ்வொரு முறையும் தெரியும் இடைவெளி வரை பின்னி, அதன் இருபக்கக் கண்ணிகளையும் சேர்த்து, இன்னொன்று பின்னித் திரும்புங்கள். கடைசி இரு வரிசைகளில் அந்த இன்னொன்று இராது. 18 கண்ணிகள் மிஞ்சும்.

4. பாதம்: அந்த 18ஐயும் நேராகப் பின்னி, குதியின் இரு ஓரங்களிலும் 16 வீதம் புதிதாக எடுங்கள். மேற்பாதத்துடன் மொத்தம் 82. ஒன்றுவிட்டு ஒரு சுற்றில், மேற்பாதத்தை ஒட்டி அடிப்பாதத்தில் பக்கத்துக்கு ஒன்றாகக் குறைத்து மீண்டும் 64 ஆக்குங்கள். மேலே வரிப்பின்னல், அடியில் வெறும் நேர்.

5. விரல் முனை: பாத நீளத்துக்கு 5 சென்ரிமீற்றர் இருக்கும்போது எல்லாவற்றையும் நேராக்கி, ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் நான்கு கண்ணிகள் குறையுங்கள். 32 ஆனதும் ஒவ்வொரு சுற்றிலும் குறையுங்கள். 16 ஆனதும் நூலைக் கோத்து இறுக்குங்கள்.

மற்றக் காலுக்கும் இதுவே.

ஜேனை அன்றிரவு உள்ளே அழைத்தவர் அந்த வீட்டுக்காரர். சில நாட்களின் பின் ஹன்னா, வீட்டுப் பிள்ளைகளை எண்ணியே அப்படி நடந்ததாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக் கைகொடுக்கிறாள். அவள் கெட்டவள் அல்லள், பயந்தவள். கதவின் வெளிப்பக்கத்தில் நின்றவர்கள்தாம் நாங்கள். இப்போது உள்ளே இருக்கிறோம். தாழ்ப்பாள் எங்கள் கையில். புதிதாக வந்தவர்களைப் பற்றி நம் வீடுகளில் பேசப்படுவதைக் கேட்கும்போது எனக்கு ஹன்னாவின் நினைவு வருகிறது.

என் கதவடி இலாச்சியில் எப்போதும் ஒரு சோடி இருக்கும். ஈரக்காலுடன் வருபவர் யாராக இருந்தாலும் அது அவருக்கு.