மலைக்கிளைக்கும் தரவு மையத்துக்கும் இடையே

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஏலப்பாறையில் கூலிப்பணம் எடுக்க வரும் தொழிலாளியின் கணக்கு அவ்வூரில் இருப்பதில்லை. தொலைவிலுள்ள தரவு மையத்தில் இருக்கிறது. பிறர் கம்பிகள் வழியே செல்லும் அத்தகவலை மறையாக்கம் செய்து காப்பது விபிஎன். இரு முனை ரூட்டர்களிலும் மறையாக்க முறையும் திறவுகோலும் ஒத்திருந்தாலன்றி இணைப்பு உருவாகாது. ‘லிங்க் இல்லை’ என்று நாங்கள் கைவிரிக்கும் நாள்களில் சிலவற்றுக்கு இதுவும் காரணம்.

பூட்டைவிட முக்கியமானது, யாரை உள்ளே விடலாம் என்ற பட்டியல். ஃபயர்வால் அதனை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்தும் விதியே செல்லும். எனவே இன்ன கணினிக்கு இன்ன சேவை என்று மட்டும் அனுமதித்து, கடைசி வரியில் மற்ற அனைத்தையும் மறுக்கிறோம். நடுவே ‘யாவருக்கும் அனுமதி’ என ஒரு வரி புகுந்துவிட்டால், கீழுள்ள மறுப்புகள் வீண்.

2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் 8.1 கோடி டாலர் களவுபோயிற்று. பணம் அனுப்பும் கணினிகளைப் பிரித்துக் காக்க அங்கே ஃபயர்வால் இல்லை என்றனர் புலனாய்வாளர்கள். இலங்கைக்குச் சென்ற 2 கோடி டாலரோ, பெறுநர் பெயரில் நேர்ந்த எழுத்துப்பிழையால் தப்பியது!

கிளையின் வலைப்பின்னலில் தம் கைப்பேசியை இணைக்கக் கேட்கும் வாடிக்கையாளர்க்கு நாங்கள் இசையாதது இதனாலேயே.